நவஹோ துப்பறியும் நாவல்கள்: புதிதாக வாசிக்க வருபவருக்கு

ஒரு போலீஸ் வண்டி நெடுந்தூரம் மண் பாதையில் வந்து, தனியாக நிற்கும் ஒரு வீட்டின் முன் நிற்கிறது. அதிகாரி போய்க் கதவைத் தட்டுவதில்லை. வண்டியில் சாய்ந்தபடி காத்திருக்கிறார். உள்ளே இருப்பவர்களுக்கு வண்டிச் சத்தம் கேட்டிருக்கும். வந்தவர் யாரென்று பார்க்கவும், உடையைச் சரிசெய்துகொள்ளவும், அடுப்பில் காபி வைக்கவும் அவர்களுக்கு நேரம் வேண்டும். பேச விருப்பம் இருந்தால் வாசலுக்கு வருவார்கள்.

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் நடக்கும் துப்பறியும் நாவல்களில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். புதிதாக வாசிக்க வருபவர் இங்கே பக்கத்தைத் தள்ளிவிட்டு அடுத்த சடலத்தைத் தேடிப் போகிறார். அப்படிப் போனால் கதை கைநழுவிவிடும். சற்று நேரம் கழித்து இன்னொருவர் அதே வீட்டுக்கு வந்து நேராகப் போய்க் கதவைத் தட்டினால், அந்த ஆள் வெளியூர்க்காரர் அல்லது வெளியூர்க்காரராகவே மாறிவிட்டவர் என்பது அதிகாரிக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். இந்த நாவல்களில் குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பிசகுதான்: அந்த மண்ணில் வளர்ந்தவர் செய்யாத ஒன்றை ஒருவர் செய்திருப்பார், செய்தே ஆக வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டிருப்பார். ஆகவே வாசகருக்குக் கொஞ்சம் முன்தயாரிப்பு தேவை. அரை நாள் போதும்.

எழுதியவரும் இரண்டு அதிகாரிகளும்

இந்த வகையை நிலைநிறுத்தியவர் டோனி ஹில்லர்மன். 1925இல் ஓக்லஹோமா மாநிலத்தின் சேக்ரட் ஹார்ட் என்ற சிற்றூரில் பிறந்த வெள்ளையர். பூர்வகுடிச் சிறுமிகளுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் படுகாயம் அடைந்து திரும்பிய 1945இல், நியூ மெக்ஸிகோவில் ஒரு சடங்கைப் பார்க்க நேர்ந்தது. போரிலிருந்து மீண்ட நவஹோ வீரர்களை, எதிரி நிலத்தில் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்ட கேட்டிலிருந்து விடுவிக்கும் 'எனிமி வே' சடங்கு அது. அந்தக் காட்சி அவரை விடவில்லை. பத்திரிகையாளராகவும் பிறகு நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் இதழியல் ஆசிரியராகவும் இருந்துவிட்டு, 1970இல் முதல் நாவலை வெளியிட்டார். கையெழுத்துப் பிரதியைப் படித்த முகவர், இந்தியர் சமாச்சாரத்தை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார். எடுத்திருந்தால் மிஞ்சியிருப்பது ஒரு சாதாரணக் கொலைக்கதை. 2006 வரை இந்தத் தொடரில் 18 நாவல்கள் எழுதினார். 1987இல் நவஹோ பழங்குடி மன்றம் அவரைத் தங்கள் மக்களின் சிறப்பு நண்பர் என்று கௌரவித்தது. 2008இல் இறந்தார். 2013 முதல் மகள் ஆன் ஹில்லர்மன் தொடரை எழுதிவருகிறார்.

நாவல்களைத் தாங்குபவர்கள் நவஹோ பழங்குடிப் போலீஸின் இரண்டு அதிகாரிகள். ஜோ லீப்ஹார்ன் மூத்தவர். மானுடவியல் படித்தவர். தற்செயல் என்று எதையும் ஏற்காதவர். அவருடைய அறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வண்ண ஊசி குத்துவார். ஜிம் சீ இளையவர். போலீஸ் வேலையோடு, தன் தாய்மாமனிடம் சடங்குப் பாடல்களைக் கற்று மருத்துவப் பாடகராக வேண்டும் என்று ஆசைப்படுபவர். தாய்வழிச் சமூகத்தில் அக்கா மகனுக்குக் கற்றுத்தருவது தாய்மாமனின் கடமை. மூத்தவருக்குச் சூனியப் பேச்சே பிடிக்காது; அந்த நம்பிக்கையால் கொலைகள் நடந்ததைப் பார்த்தவர். இளையவருக்கோ அந்த உலகம் இன்னும் உயிருள்ளது. ஒரே தடயத்தை இருவரும் வெவ்வேறாகப் படிப்பதுதான் இந்தத் தொடரின் முதுகெலும்பு.

இளையவர் வந்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. லீப்ஹார்ன் பாத்திரத்தின் தொலைக்காட்சி உரிமையை ஹில்லர்மன் விற்றுவிட்டிருந்தார். கதைக்கும் மரபோடு இன்னும் நெருக்கமான ஓர் இளைஞர் தேவைப்பட்டார். பின்னர் ஒரு வாசகி, லீப்ஹார்னின் பெயரை எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டுவிட்டார். இருவரும் ஒருவர்போலத் தெரிகிறார்களோ என்ற உறுத்தலில் இருவரையும் ஒரே நாவலில் எதிரெதிரே நிறுத்தினார். தொடர் உயரத் தொடங்கியது அங்கேதான்.

எந்த வரிசையில் வாசிப்பது

முதல் நாவலிலிருந்து தொடங்க வேண்டாம். 'தி பிளெஸ்ஸிங் வே' (1970) நூலில் மையப் பாத்திரம் ஒரு வெள்ளை மானுடவியலாளர். லீப்ஹார்ன் ஓரமாகத்தான் வருகிறார். நூலுக்குள் நடக்கும் சடங்கு 'எனிமி வே', தலைப்போ வேறொரு சடங்கின் பெயர். இதிலிருந்து தொடங்குபவர்கள் பலர் இரண்டாவது நூலுக்கு வருவதே இல்லை.

முதலில் 'டான்ஸ் ஹால் ஆஃப் தி டெட்' (1973). பக்கத்து ஸூனி மக்களின் ஷாலகோ விழாவில் நெருப்புத் தெய்வமாக ஆட வேண்டிய சிறுவன் காணாமல் போகிறான். அவனுடைய நவஹோ நண்பனும் மறைந்துவிடுகிறான். லீப்ஹார்ன் அந்த நண்பனைத் தேடுகிறார். துப்பறியும் எழுத்துக்குத் தரப்படும் எட்கர் விருதைச் சிறந்த நாவல் பிரிவில் 1974இல் பெற்றது. மெல்லிய புத்தகம். நவஹோவும் ஸூனியும் ஒன்றல்ல என்ற அடிப்படைப் பாடத்தை லீப்ஹார்னோடு சேர்ந்தே நாமும் கற்கிறோம்; அவருக்கும் ஸூனி சடங்கு அயல் விஷயம்தான். புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

இரண்டாவது 'பீப்பிள் ஆஃப் டார்க்னெஸ்' (1980). ஜிம் சீ அறிமுகமாகும் நூல். ஒரு செல்வந்தரின் நினைவுப் பொருள் பெட்டி திருடுபோகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய எண்ணெய்க் கிணற்று வெடிப்பு வரை நூல் பின்னோக்கிப் போகிறது.

மூன்றாவது 'ஸ்கின்வாக்கர்ஸ்' (1986), நான்காவது 'எ தீஃப் ஆஃப் டைம்' (1988). இந்த இரண்டின் வரிசையை மாற்றவே கூடாது. லீப்ஹார்னின் மனைவி எம்மா தொடர்பான ஒரு விஷயம் மூன்றாவதில் கேள்வியாக நிற்கும். நான்காவதின் தொடக்கத்திலேயே அதற்கு விடை வந்துவிடும். பலர் நான்காவதைத்தான் தொடரின் உச்சம் என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தப் புகழைக் கேட்டு அதையே முதலில் எடுத்தால், லீப்ஹார்னின் துக்கம் வாசகருக்கு வெறும் தகவலாகிவிடும். முந்தைய நூல்களில் அந்த மனிதரோடு இருந்துவிட்டு வருபவருக்கு முதல் அத்தியாயங்களே தொண்டையை அடைக்கும்.

இந்த நான்கும் பிடித்துவிட்டால், விடுபட்ட 'லிசனிங் வுமன்' (1978), 'தி டார்க் விண்ட்' (1982), 'தி கோஸ்ட்வே' (1984) மூன்றையும் வாசித்துவிட்டு, 'டாக்கிங் காட்' (1989) முதல் வெளியான வரிசையிலேயே போங்கள். ஜிம் சீயின் காதல்கள் மேரி லாண்டன், ஜேனட் பீட், பெர்னடெட் மனுவேலிட்டோ என்று நூல் நூலாக நகர்கின்றன. 'தி ஃபாலன் மேன்' (1996) தொட்டு லீப்ஹார்ன் ஓய்வு பெற்றவர். முன்பின்னாக வாசித்தால் குழம்பும். 'தி சினிஸ்டர் பிக்' (2003) முதலான கடைசி நூல்களில் முடிச்சு தளர்வாக இருக்கும். நேரம் குறைவானவர்கள் அவற்றைத் தள்ளிப்போடலாம். 1956இல் கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்த விபத்தை வைத்து எழுதிய 'ஸ்கெலிட்டன் மேன்' (2004) மட்டும் அந்த விபத்துக்காகவே படிக்கத்தக்கது.

ஆன் ஹில்லர்மனின் முதல் நாவல் 'ஸ்பைடர் வுமன்ஸ் டாட்டர்' (2013). இதில் பெர்னடெட் முன்னுக்கு வருகிறார். 'எ தீஃப் ஆஃப் டைம்' நூலின் இழை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவதால், அதை வாசிக்காமல் இதைத் தொடக் கூடாது.

ஒரு தாளில் நிலத்தை வரையுங்கள்

லீப்ஹார்ன் ஊசி குத்தும் வரைபடம் கற்பனையல்ல. தென் கலிஃபோர்னியாவின் வாகன ஓட்டுநர் சங்கம் அச்சிட்ட 'இந்தியன் கன்ட்ரி' வரைபடம் அது. அது கிடைக்காவிட்டாலும் ஒரு வெள்ளைத்தாள் போதும்.

தாளின் நடுவில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அமெரிக்காவில் நான்கு மாநிலங்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும் ஃபோர் கார்னர்ஸ் அது. மேல் வலது கொலராடோ, மேல் இடது யூட்டா, கீழ் இடது அரிசோனா, கீழ் வலது நியூ மெக்ஸிகோ. நவஹோ மக்களின் தன்னாட்சி நிலமான நவஹோ நேஷன் அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா மூன்றிலும் பரவியது. சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். அரிசோனாப் பக்கம், நியூ மெக்ஸிகோ எல்லையை ஒட்டி விண்டோ ராக் என்று எழுதுங்கள்: தலைநகர், லீப்ஹார்னின் அலுவலகம். அதற்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் நிலத்துக்கு வெளியே இருக்கும் கேலப் நகரம். கேலப்பிலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில் ஷிப்ராக்: ஜிம் சீ ஸான் ஹுவான் ஆற்றங்கரையில் டிரெய்லர் வீட்டில் வசிக்கும் ஊர். அந்தச் சாலையைப் பழைய நூல்கள் 666 என்று குறிப்பிடும். 2003இல் அதன் எண் 491 ஆனது. இன்றைய வரைபடத்தில் 666ஐத் தேடி ஏமாற வேண்டாம். மேற்கே டூபா சிட்டி, நடுவில் சின்லி, வடக்கே கயென்டா, கிழக்கே கிரவுன்பாயின்ட். பிறகு நவஹோ நிலத்துக்குள் தீவுபோல ஹோப்பி மக்களின் நிலத்தைக் கட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக நான்கு புனித மலைகள். கிழக்கே பிளாங்கா, தெற்கே மவுன்ட் டெய்லர், மேற்கே ஸான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள், வடக்கே ஹெஸ்பரஸ். வெண்சங்கு, நீலப்பச்சைக் கல், அபலோன் சிப்பி, ஜெட் என்ற கறுப்புக் கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளும் நிறமும் உண்டு. நவஹோ மக்கள் தங்களை 'தினே' என்று அழைக்கிறார்கள். 'மக்கள்' என்று பொருள். தினே உலகம் இந்த நான்கு மலைகளுக்கு உள்ளே இருப்பது. 1864இல் அமெரிக்க ராணுவம் அவர்களைக் கிழக்கே பாஸ்கே ரெடோன்டோ முகாமுக்கு நடத்தியே கொண்டுபோனது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகே மண்ணுக்குத் திரும்பினார்கள். 'தி கோஸ்ட்வே' நூலில் ஜிம் சீ லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகும்போதும், வேறு நூல்களில் பாத்திரங்கள் மலை எல்லையைத் தாண்டும்போதும் உரைநடையே இறுகுவதைக் கவனியுங்கள். தாளில் மலைகள் இருந்தால் அது கண்ணுக்குப் படும்.

நிலவியல் சொற்களைத் தமிழாக்கிக்கொள்வது எளிது. 'வாஷ்', 'அரோயோ' என்பவை நம் காட்டாறு: ஆண்டில் பெரும்பகுதி மணல், மழை பெய்தால் சில நிமிடத்தில் வெள்ளம். 'மீசா' தட்டைத்தலைக் குன்று. இடி மின்னலோடு அடித்துப் பெய்வது ஆண் மழை, அமைதியாக நனைப்பது பெண் மழை என்று தினே மக்கள் பிரிக்கிறார்கள். ஆண் மழையில் மண் பாதைகள் அறுந்துபோகும். வண்டி போன தடமும் அழியும். மழையைப் பற்றிய ஒரு வரி பெரும்பாலும் தடயத்தைப் பற்றிய வரி.

ஓர் எச்சரிக்கை. சில இடங்கள் வேண்டுமென்றே மாற்றப்பட்டவை. 'எ தீஃப் ஆஃப் டைம்' நூலின் முன்குறிப்பில், பெரும்பாலான இடங்கள் உண்மையானவை என்றாலும், இன்னும் சூறையாடப்படாத பாறை இடிபாடுகளைக் காப்பதற்காக ஒரு பள்ளத்தாக்கின் பெயரையும் இருப்பிடத்தையும் மாற்றியிருப்பதாக ஹில்லர்மன் சொல்கிறார். பழைய குடியிருப்புகளைத் தோண்டிப் பானை திருடுபவர்களைப் பற்றிய நாவலுக்கு அது நேர்மையான செயல். முன்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

யாருடைய வழக்கு?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சடலம் கிடைத்ததும் பழங்குடிப் போலீஸ் ஒதுங்கி நிற்கும், மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வந்து வழக்கை எடுத்துக்கொள்ளும். லீப்ஹார்னின் தயக்கமாக இதைப் படிக்கக் கூடாது, சட்டம் அப்படி. 1885ஆம் ஆண்டின் பெருங்குற்றச் சட்டப்படி, பழங்குடி நிலத்தில் ஒரு பூர்வகுடி மனிதர் செய்யும் கொலை போன்ற கடுங்குற்றங்கள் மத்திய அரசின் கையில். பூர்வகுடியினர் அல்லாதவரைப் பழங்குடி நீதிமன்றம் குற்ற வழக்கில் விசாரிக்க முடியாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் மூன்று கேள்விகள்: குற்றம் செய்தவர் யார், பாதிக்கப்பட்டவர் யார், யாருடைய மண்ணில் நடந்தது.

மூன்றாவது கேள்வி கிழக்குப் பகுதியில் சிக்கலாகும். அங்கே நிலம் சதுரங்கப் பலகைபோலத் துண்டுபட்டிருக்கிறது; பெயரே 'செக்கர்போர்டு'. ரயில் நிறுவனங்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் துண்டுகளை அரசு கொடுத்ததும், தனிநபர்களுக்குப் பிரித்து எழுதிவைத்ததும் இதற்குக் காரணம். சாலையின் ஒரு பக்கம் பழங்குடிப் போலீஸின் எல்லை, மறுபக்கம் கவுன்ட்டியின் (மாவட்டத்தின்) காவல் தலைவரான ஷெரிஃபுடையது. இதனால்தான் நவஹோ அதிகாரி எப்போதும் சிறிய வழக்கின் வழியாகப் பெரிய வழக்குக்குள் நுழைகிறார். காணாமல் போன பையன், உடைக்கப்பட்ட காற்றாலை, திருடுபோன பெட்டி: இவை அவருடைய அதிகாரத்துக்குள் வருபவை. கொலை வராது. கதையின் கட்டுமானமே சட்டத்திலிருந்து வந்தது.

'தி டார்க் விண்ட்' வாசிக்கும்போது இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். நவஹோவும் ஹோப்பியும் கூட்டாகப் பயன்படுத்திவந்த நிலத்தை 1974இல் ஒரு சட்டம் பிரித்தது. பல குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. காற்றாலையை ஏன் ஒருவர் உடைக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகே புரியும்.

குலம்: பாத்திரப் பட்டியலை இப்படி எழுதுங்கள்

இரண்டு தினே மனிதர்கள் சந்தித்தால் முதலில் குலத்தைச் சொல்லிக்கொள்வார்கள். பிள்ளை தாயின் குலத்தில் பிறக்கிறது. தந்தையின் குலத்துக்காகப் பிறக்கிறது. இந்த இரண்டு சொற்றொடர்களும் நாவல்களில் அப்படியே வரும். நோட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயர், தாய்க்குலம், தந்தைக்குலம், ஊர் என்று நான்கு கட்டம் போடுங்கள். பக்கம் புரளப் புரள, தொடர்பே இல்லாத இருவர் ஒரே குலம் என்பது வெளிப்படும். சாட்சி ஏன் பொய் சொன்னார், ஒளிந்தவருக்கு யார் சோறு போட்டார்கள் என்பதற்கெல்லாம் பதில் பல சமயம் அந்தக் கட்டத்திலேயே இருக்கும்.

தமிழ் வாசகர் இங்கே ஒரு பழக்கத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். அத்தை மகள் நமக்கு முறைப்பெண். தினே முறையில் அத்தையின் மகள் தந்தையின் குலத்தவள், அதாவது நெருங்கிய உறவு. மணம் செய்வது பெரும் தவறு. 'சேக்ரட் கிளவுன்ஸ்' (1993) நூலில் ஜிம் சீ தன் காதலியின் தந்தைக்குலத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு அலைவது நமக்கு மிகையாகத் தோன்றலாம். அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

உறவு பற்றிய ஒரு வசையும் நினைவில் இருக்கட்டும். ஒருவரைப் பற்றி மிக மோசமாகச் சொல்ல வேண்டுமானால், 'உறவே இல்லாதவன்போல நடக்கிறான்' என்பார்கள். சொந்தக்காரர்கள் பசியோடு இருக்கும்போது ஒருவர் மட்டும் பணம் சேர்ப்பது சந்தேகத்துக்குரியது. எனவே நாவலில் எவராவது திடீரென்று செழித்திருந்தால், அந்தப் பெயரின் பக்கத்தில் ஒரு குறி போட்டுவையுங்கள்.

சாவு, சடங்கு, பருவம்

'ஹோகன்' மரபு வீடு. வாசல் கிழக்கு நோக்கியது. உள்ளே யாராவது இறந்துவிட்டால் வடக்குச் சுவரை உடைத்து அந்த வழியாகச் சடலத்தை எடுத்துவிட்டு வீட்டைக் கைவிடுவார்கள். இறந்தவரிடம் இருந்த கேடு அனைத்தும் 'சிண்டி' என்ற ஆவியாக அங்கேயே தங்கிவிடும். இறந்தவர் பெயரைச் சொல்வதையும் தவிர்ப்பார்கள். ஆகவே வடக்குச் சுவரில் ஓட்டை என்று வந்தாலே அது பெரிய செய்தி. 'தி கோஸ்ட்வே' நூலில் அப்படிப்பட்ட ஓட்டைக்குள் நுழைய ஜிம் சீ தயங்கும் கட்டத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். போலீஸ் கடமை ஒரு பக்கம் இழுக்க, வளர்ப்பு மறுபக்கம் இழுக்கிறது.

'ஹோஸோ' என்ற சொல் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அழகு, ஒழுங்கு, நலம் மூன்றும் சேர்ந்த நிலை. குற்றமும் நோயும் அந்த நிலை கெட்டதன் அறிகுறிகள். கெட்டதைச் சீராக்கும் பாடகரை 'ஹத்தாலி' என்பார்கள். ஒரு சடங்கை முழுமையாகக் கற்கப் பல ஆண்டுகள் ஆகும். சில சடங்குகள் ஒன்பது இரவுகள் நீளும். ஒரு வரி தவறினாலும் பலன் கெடும். மணல் ஓவியத்தைத் தரையில் வரைந்து, நோயாளியை அதன்மேல் உட்காரவைத்து, முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். பயணிகளுக்கு விற்கும் மணல் ஓவியங்களில் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே மாற்றியிருப்பார்கள்.

மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நைட் சான்ட்' சடங்கு உறைபனி விழுந்து பாம்புகள் அடங்கிய பிறகே நடக்கும். 'எனிமி வே' கோடைக்குரியது. குள்ளநரிக் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்லலாம். ஷாலகோ நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ வரும். காலம் தவறி ஒன்று நடந்தால் எழுத்தாளர் பிழை செய்துவிட்டார் என்று நினைப்பதற்குமுன் அந்தப் பாத்திரத்தைச் சந்தேகியுங்கள்.

'ஸ்கின்வாக்கர்' என்பது மிருகத் தோல் போர்த்தி உருமாறுவதாக நம்பப்படும் சூனியக்காரர். இணையம் இந்தச் சொல்லைப் பேய்ப்படமாக்கிவிட்டது. அந்தக் கதைகளை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் நாவல் புரியாது. இங்கே பயம் பக்கத்து வீட்டு மனிதரைப் பற்றியது. தினே மக்களில் பலர் இதைப் பற்றிப் பேசுவதே கேடு என்று கருதுகிறார்கள். தெரிந்தவர் யாராவது தினே என்றால் இந்தத் தலைப்பில் கேள்வி கேட்க வேண்டாம்.

தவறாகப் படிக்கப்படும் சில சொற்கள்

'டிஎன்ஏ' என்று வந்தால் மரபணு இல்லை. 1967இல் தொடங்கிய, மக்களுக்கு இலவச சட்ட உதவி தரும் அமைப்பின் நவஹோ பெயர்ச்சுருக்கம். ஜேனட் பீட் அங்கே வழக்கறிஞர். 'ஹோஸ்டீன்' ஒருவரின் முதல் பெயர் அல்ல, 'ஐயா' போன்ற மரியாதைச் சொல். 'பெலகானா' வெள்ளையர். 'சாப்டர் ஹவுஸ்' என்பதில் வரும் 'சாப்டர்' நூலின் அத்தியாயம் அல்ல. நவஹோ நேஷனின் 110 உள்ளாட்சிப் பிரிவுகளில் ஒன்றின் கூட்டக் கட்டடம். 'டிரேடிங் போஸ்ட்' வெறும் மளிகைக் கடை என்று விட்டுவிடக் கூடாது: நகை அடகு வைக்கும் இடம், தபால் வரும் இடம், யார் எங்கே போனார்கள் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும் இடம். பெரும்பாலும் செல்பேசி இல்லாத காலத்துக் கதைகள் இவை. பள்ளத்தாக்கில் இறங்கினால் போலீஸ் ரேடியோவும் எடுக்காது.

'அனசாஸி' என்ற சொல் பழைய பாறைக் குடியிருப்புகளைக் கட்டியவர்களைக் குறிக்கும் நவஹோச் சொல். எதிரிகளின் முன்னோர் என்ற பொருள் இருப்பதால் அவர்களின் வழிவந்த ஸூனி, ஹோப்பி போன்ற ப்வெப்லோ மக்களுக்கு அது பிடிப்பதில்லை. நாவலில் வாசிக்கலாம், நீங்கள் எழுதும்போது 'மூதாதை ப்வெப்லோ மக்கள்' என்று எழுதுங்கள்.

நேரக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. கோடையில் நவஹோ நேஷன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அரிசோனாவின் மற்ற பகுதியும் ஹோப்பி நிலமும் தள்ளாது.

திரையில் பார்ப்பதானால்

படித்த பிறகு பாருங்கள். 2022இல் தொடங்கிய 'டார்க் விண்ட்ஸ்' தொடர் அருமையாக எடுக்கப்பட்டது. லீப்ஹார்னாக ஸான் மெக்ளார்னன் நடிப்பு அசலானது. ஆனால் அது நாவல்களை உடைத்து மீண்டும் கோத்தது. நாவலில் இல்லாத ஒரு மகனின் சாவு தொடரில் லீப்ஹார்ன் குடும்பத்தின் மையக் காயம். ஜிம் சீ எஃப்பிஐயின் ரகசிய ஆளாக வருகிறார். முதல் பருவம் 'லிசனிங் வுமன்', இரண்டாவது 'பீப்பிள் ஆஃப் டார்க்னெஸ்', மூன்றாவது 'டான்ஸ் ஹால் ஆஃப் தி டெட்' நூல்களிலிருந்து நிறைய எடுத்துக்கொள்கின்றன. மேலே சொன்ன முதல் இரண்டு நாவல்களை முடிக்காமல் இரண்டாம் மூன்றாம் பருவங்களைத் தொட வேண்டாம். 2002 முதல் 2004 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த மூன்று படங்களில் வெஸ் ஸ்டுடியும் ஆடம் பீச்சும் நடித்தார்கள். முதன்மை நடிகர்கள் பெரும்பாலும் பிற பழங்குடியினர் என்பதால், நவஹோ மொழி உச்சரிப்பு பற்றித் தினே பார்வையாளர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். குறை நியாயமானது, அது தொனியும் மூக்கொலியும் மாறினால் பொருளே மாறும் மொழி.

தினே கையெழுத்து

ஹில்லர்மனை நவஹோ வாசகர்கள் பலர் விரும்பி வாசித்தார்கள். அதே சமயம், சடங்கு விவரங்களை வெளியாள் ஒருவர் அச்சில் ஏற்றுவது சரியா என்ற கேள்வியும் அவர்களிடமிருந்தே வந்தது. இரண்டையும் சேர்த்தே சுமந்துகொண்டு வாசிக்க வேண்டும். அதனால் ஹில்லர்மனின் நான்கு நூல்கள் முடிந்ததும், ஐந்தாவதாகத் தினே எழுத்தாளர் ரமோனா எமர்சனின் 'ஷட்டர்' (2022) நாவலை எடுங்கள்.

அதன் நாயகி ரீட்டா டோடசீனி, ஆல்புகர்க்கி காவல்துறைக்காகக் குற்ற இடங்களைப் படமெடுப்பவர். இறந்தவர்களின் ஆவிகள் அவர் கண்ணுக்குத் தெரிகின்றன. சாவின் பக்கமே போகக் கூடாது என்று வளர்த்த பாட்டியின் பேத்திக்கு, தினமும் சடலத்தைக் கேமராவில் பார்க்கும் வேலை. எமர்சன் தடயவியல் ஒளிப்பதிவாளராக வேலை செய்தவர். கேமரா, லென்ஸ், வெளிச்சம் பற்றிய ஒவ்வொரு வரியும் கையால் தொட்டு அறிந்தவரின் வரி. அமெரிக்காவின் தேசிய நூல் விருதுக்கான நீள்பட்டியலில் இடம்பெற்றது. 2024இல் 'எக்ஸ்போஷர்' என்ற அடுத்த நூலும் வந்துவிட்டது. ஹில்லர்மனிடம் ஹோகனின் வாசலில் காத்திருந்தீர்கள். இங்கே பாட்டியின் சமையலறைக்குள் இருப்பீர்கள். சில சொற்களுக்கு இங்கே விளக்கம் கிடைக்காது. குலக் கட்டம் போட்ட அதே நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டோஹாச்சி என்ற ஊரையும் தாளில் சேருங்கள்: கேலப்பிலிருந்து ஷிப்ராக் போகும் அதே 491ஆம் சாலையில் வரும்.